ஐந்து முறை நகர்ந்த மதில்



கோட்டை, மதில் என்று அழைப்பிதழில் கண்டதும் செஞ்சியையோ வேலூரையோ யாழ்ப்பாணத்துக் கோட்டையையோ எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் பேசப்போவது நாம் குடியிருக்கும் பிக்கரிங்கின் மதிலைப் பற்றி. இங்கிருந்து காரில் போய்வரும் தூரத்தில், டஃபின்ஸ் ஓடையின் மேற்குக் கிளையில் வந்து விழும் ஒரு சிற்றோடையின் கரையில், ஏறத்தாழ 2,000 பேர் வாழ்ந்த ஊர் ஒன்று இருந்தது. முப்பத்தைந்துக்குக் குறையாத நீள்வீடுகள். அவற்றைச் சுற்றிப் பல வரிசையாக நட்ட மரமதில். தொல்லியலாளர் அதை டிரேப்பர் களம் என்கிறார்கள். அதைக் கட்டியவர்கள் வெண்டாட் மக்களின் முன்னோர். பிரெஞ்சுக்காரர் அவர்களை ஹியூரோன் என்று அழைத்ததால் பாடநூல்களில் அந்தப் பெயரையும் காணலாம்.

நம் நகரின் பெயர் இங்கிலாந்தின் யோர்க்ஷயரிலிருந்து வந்தது. அந்தப் பிக்கரிங்கிலும் ஓர் அரண் உண்டு. 11ஆம் நூற்றாண்டில் முதலாம் வில்லியம் மன்னன் காலத்தில் மண்ணைக் குவித்து மேடாக்கி, அதன்மேல் மரவேலி எழுப்பினார்கள். கற்சுவர் பின்னாளில் வந்தது. மேடு இன்றும் நிற்கிறது. அதற்குக் காவலும் பராமரிப்பும் வழிகாட்டிப் பலகைகளும் இருக்கின்றன. ஒன்ராறியோவின் பிக்கரிங்கில் இருந்த மதிலைப் பற்றி நம் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அது அவர்களுடைய குற்றமல்ல. அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

இன்றைய உரையில் நான் நிறுவ விரும்புவது ஒன்றுதான். டிரேப்பர் ஊரின் மதில் ஒருமுறை கட்டி அப்படியே விடப்பட்டதல்ல. ஐந்து முறை அதன் பகுதிகளைப் பிடுங்கி, இன்னும் வெளியே தள்ளி நட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் வேறு ஊர்க்காரர் உள்ளே வந்து குடியேறினார்கள். ஆகவே அந்த மதிலைப் போரின் சின்னமாக மட்டும் படித்தால் பாதியைத்தான் படித்தவர்களாவோம். வந்தவர்களுக்கு இடம் கொடுக்கத் தன் எல்லையையே மாற்றிய ஓர் ஊரின் சாட்சியாகவும் அதைப் படிக்க வேண்டும்.

அது எப்படித் தெரியவந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1972 மார்ச் மாதத்தில் கனடா மத்திய அரசு ரொறன்ரோவுக்கு இரண்டாவது பெரிய விமான நிலையம் அமைக்கப்போவதாக அறிவித்தது. அதற்காக பிக்கரிங்கையும் அயலையும் சேர்ந்த 18,600 ஏக்கர் நிலத்தைக் கட்டாயமாக எடுத்தது. பரம்பரையாக உழுத காணிகளை விட்டு விவசாயக் குடும்பங்கள் வெளியேற நேர்ந்தது. மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். அந்த நிலத்துக்குள்தான் டிரேப்பர் களம் இருந்தது. ஓடுபாதை வந்தால் எல்லாம் போய்விடும் என்ற நிலையில் தொல்லியலாளர் அவசர அகழாய்வில் இறங்கினார்கள். 1973இல் பிரையன் ஹெய்டன் தலைமையில் ஒரு பகுதி தோண்டப்பட்டது. பிறகு 1975இலும் 1978இலும் வில்லியம் ஃபின்லேசன் தலைமையில் மிகப் பெரிய அளவில் வேலை நடந்தது. ஊர் ஏறக்குறைய முழுவதும் திறக்கப்பட்டது. ஃபின்லேசனின் அறிக்கை 1985இல் வெளிவந்தது.

1975இலேயே விமான நிலையத் திட்டம் கிடப்பில் போடப்பட்டது. வராத விமான நிலையத்துக்காக ஓர் ஊரைத் தோண்டி எடுத்துவிட்டோம் என்பது வேதனைதான். அகழாய்வு என்பது ஒரு தடவைதான் படிக்கக்கூடிய ஏடு. படித்த பக்கம் அத்தோடு அழிந்துவிடும், குறிப்பேடும் வரைபடமும்தான் எஞ்சும். ஆனால் அந்த வரைபடம் இல்லாவிட்டால் இன்று நான் பேச வந்திருக்க முடியாது. ஒரு வெண்டாட் முன்னோர் ஊர் வீடுவீடாக, வேலிவேலியாக எப்படி வளர்ந்தது என்பதை முழுமையாகக் காட்டிய முதல் சான்றுகளில் ஒன்று அது.

கல் இல்லை, செங்கல் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. மரமும் பட்டையும் மட்டும். நானூறு, ஐந்நூறு ஆண்டுகளில் எல்லாம் உக்கிப் போயிருக்கும். பிறகு எதை வைத்து மதில் என்று சொல்கிறோம்? யாழ்ப்பாணத்து வேலியை அறிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. கதியால் நட்டு, அலம்பலோ கிடுகோ கட்டிய வேலி. ஒரு கதியால் பட்டுப்போய் மண்ணுக்குள் உக்கினாலும் அது நின்ற இடத்து மண் நிறம் மாறிக் கிடக்கும். பிடுங்கி எடுத்தாலும் அந்தக் குழியில் விழுந்த மேல்மண் சுற்றியிருக்கும் அடிமண்ணோடு ஒன்றாது. டிரேப்பரிலும் அதுதான். மேல்மண்ணை நீக்கி அடிமண்ணைப் பக்குவமாகச் சீவிக்கொண்டு போனால், மஞ்சள் கலந்த மண்ணில் கரிய வட்டங்கள் தெரியும். ஒவ்வொரு வட்டமும் ஒரு கம்பத்தின் தடம். பல்லாயிரக்கணக்கான தடங்களை ஒவ்வொன்றாகக் குறித்து வரைபடத்தில் ஏற்றும்போது, நீள்வட்டமாக வீட்டுச் சுவர்கள் எழும். நடுவே வரிசையாக அடுப்புகள். வெளியே இரண்டு மூன்று நிரையாக வளைந்தோடும் மதில்.

மதிலின் கம்பங்கள் பெருமரங்கள் அல்ல. இரும்பு அறியாத மக்கள், கற்கோடரியால் தறிப்பவர்கள். கைக்கு அடங்கும் பருமனுள்ள இளமரங்களே அவர்களுக்கு வசதி. பழைய தோட்டங்களைத் தரிசாக விட்ட இடங்களில் அவை நெருக்கமாக வளர்ந்து நின்றன. எளிதில் உக்காத சீடர் மரத்தை விரும்பினார்கள். நுனியைக் கூராக்கி நிலத்தில் இறக்கி, நிரைகளுக்கிடையே கிளைகளையும் பட்டைகளையும் பின்னி அடைத்தார்கள். முன்னிரவில் பதுங்கி வந்து விடியலில் பாயும் சிறு படைகள்தான் அக்காலத்துப் போர்முறை. மாதக்கணக்கில் முற்றுகையிட்டு மதிலை உடைக்கும் வழக்கம் இல்லை. அம்பை நிறுத்தவும், எதிரியைத் திடீரென உள்ளே புக விடாமல் தடுக்கவும் இந்தப் பின்னல் மதில் போதும். பனிக்காற்றைத் தடுத்தது, காட்டு விலங்குகளை வெளியே நிறுத்தியது என்ற பயன்களையும் அறிஞர்கள் சொல்கிறார்கள். அவையும் உண்மையாக இருக்கலாம். ஆனால் குளிர்காற்றுக்காக மட்டும் எவரும் மூன்று நிரை மதில் கட்டமாட்டார்கள்.

இப்போது அந்த ஐந்து நகர்வுகளுக்கு வருகிறேன். முதலில் எழுந்த ஊர் ஏறத்தாழ 1.2 ஹெக்டேயர். நம் ஊர்க் கணக்கில் 48 பரப்பு வரும். அதற்குள் சில நூறு பேர். அந்த ஊரின் மதில் கோடு வரைபடத்தில் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் அந்தக் கோட்டின் ஒரு பகுதியின் மேலேயே பின்னாளைய நீள்வீடுகள் நிற்கின்றன. மதில் நின்றுகொண்டிருக்கையில் அதன்மேல் வீடு கட்ட முடியாது. ஆகவே மதிலைப் பிடுங்கிய பிறகுதான் வீடு எழுந்திருக்கிறது. புதிய வீடுகளைச் சுற்றி, இன்னும் வெளியே, இன்னொரு மதில் கோடு. அதற்கும் வெளியே இன்னொன்று. எந்தக் கோடு எதை வெட்டுகிறது என்று பார்த்துப் பார்த்து, முதல் ஊருக்குப் பிறகு ஐந்து விரிவாக்கங்கள் என்று ஃபின்லேசன் நிறுவினார். முடிவில் ஊர் தொடக்க அளவைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு ஆகிவிட்டது.

இது சனத்தொகை இயல்பாகப் பெருகியதால் வந்த வளர்ச்சி அல்ல. இத்தகைய ஊர்கள் ஒரே இடத்தில் நெடுங்காலம் நிலைப்பதில்லை. மண் களைத்துவிடும், அயலில் விறகு தீர்ந்துவிடும்; ஒரு தலைமுறைக்குள் ஊரோடு பெயர்ந்து வேறிடம் போவார்கள். அந்தக் குறுகிய காலத்துக்குள் சில நூறு பேர் 2,000 பேராகப் பெருகவே முடியாது. மேலும், ஒவ்வொரு விரிவாக்கத்திலும் வந்த வீடுகள் தனித்தனிக் கொத்துகளாக, தங்களுக்குள் ஒரே திசை பார்த்து இணையாக நிற்கின்றன. முதல் ஊரின் வீடுகளுக்கு ஒரு திசை, இரண்டாவது கொத்துக்கு இன்னொரு திசை. ஓர் ஊர் மக்கள் தங்கள் உறவுமுறையும் அயலும் குலையாமல், அப்படியே கூட்டாக வந்து உட்கார்ந்த தோற்றம் அது. டஃபின்ஸ் ஓடையோரத்தில் சிதறிக் கிடந்த சிறு கிராமங்கள் ஒவ்வொன்றாக டிரேப்பருக்குள் வந்து சேர்ந்தன என்பதே ஆய்வாளர் பொதுவாக ஏற்றுக்கொண்டிருக்கும் விளக்கம். ஜெனிஃபர் பேர்ச்சும் ரொனால்ட் வில்லியம்சனும் இந்த ஒன்றுசேர்தலைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள்.

ஏன் ஒன்றுசேர்ந்தார்கள்? அந்தக் காலத்து ஒன்ராறியோவின் பல ஊர்களின் குப்பைமேடுகளில் மனித எலும்புத் துண்டுகள் சிதறிக் கிடக்கின்றன; சிலவற்றில் வெட்டுக்காயம் தெரிகிறது. போர் கடுமையாக இருந்தது. சிறு கிராமத்தில் தனித்திருப்பது ஆபத்து. அதனால் பெரிய ஊரை நாடி வந்தார்கள்.

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். ஒரு கொத்துக் குடும்பங்கள் வாசலில் வந்து நிற்கின்றன. பேச்சுவழக்கில் கொஞ்சம் வேறுபாடு இருந்திருக்கும், பானை வனையும் பாணியில் வேறுபாடு இருந்திருக்கும். ஊருக்குள் இடமில்லை. அவர்களை மதிலுக்கு வெளியே ஓர் ஓரமாகக் குடியிருத்திவிட்டுத் தங்கள் மதிலைத் தாங்கள் காத்திருக்கலாம். அப்படிச் செய்யாமல் தங்கள் காவலையே பிடுங்கினார்கள். பிடுங்கிய இடம் சில நாட்களாவது திறந்து கிடந்திருக்கும். போர்க்காலத்தில் அது சிறிய துணிவல்ல. பிறகு ஆயிரக்கணக்கான மரங்களைத் தறித்து, சுமந்து, கூராக்கி, நட்டு, பின்னினார்கள். வந்தவர்களும் இருந்தவர்களும் சேர்ந்து செய்திருக்க வேண்டும். அத்தனை வேலை ஒரு தரப்பால் முடியாது. நம் ஊர்களில் கதியால் ஓரடி நகர்ந்தால் நீதிமன்றம் வரை வழக்குப் போகும், இரண்டு தலைமுறை கதைபேச்சு இராது. இவர்கள் ஊரின் கதியால்களையே ஐந்து தடவை நகர்த்தியிருக்கிறார்கள், பிறத்தியாருக்காக.

இதில் ஒரு விதிவிலக்கையும் சொல்லியாக வேண்டும். ஊருக்குத் தெற்கே, மதிலுக்கு வெளியே, தனியாக ஏழு நீள்வீடுகளின் கொத்து ஒன்று கிடைத்திருக்கிறது. அதைச் சுற்றி மதில் இல்லை. ஆகவே எல்லோரும் எப்போதும் ஒரே அணைப்புக்குள் வந்தார்கள் என்று நான் பொற்காலம் பாடவில்லை. ஆனாலும் ஐந்துக்கு ஒன்று என்ற கணக்கு எனக்குப் போதுமானது.

உள்ளே வாழ்க்கை எப்படி இருந்தது என்று இளையவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். வளைத்த கம்பங்களின்மேல் மரப்பட்டை போர்த்திய நீள்வீடு. முப்பது மீற்றர், அதற்கு மேலும் நீளும். நடுவில் வரிசையாக அடுப்புகள். ஓர் அடுப்புக்கு இருபுறமும் இரண்டு குடும்பங்கள். சோளம், அவரை, பூசணி மூன்றையும் ஒரே மேட்டில் நடுவார்கள். குடிவழி தாய் வழியாக வரும். கணவன் மனைவி வீட்டுக்குப் போவான். மட்டக்களப்புக்காரர்களுக்கு இது புதுமையாக இராது.

மதில் நிமிர்ந்து நின்றபோது அதைக் கண்ணால் பார்த்தவர் எவரேனும் எழுதி வைத்திருக்கிறார்களா? டிரேப்பரைப் பற்றி இல்லை. ஆனால் 1535இல் ஜாக் கார்ட்டியே இன்றைய மொன்றியலில் ஒஷலாகா என்ற ஊரைக் கண்டார். வட்டமான ஊர், மூன்றடுக்கு மரமதில், ஒரேயொரு வாசல். மதிலின் உட்புறத்தில் பரண்கள், ஏறுவதற்கு ஏணிகள், மேலே எறிவதற்குக் குவித்த கற்கள். உள்ளே ஏறத்தாழ ஐம்பது வீடுகள். 1615இல் சாமுவேல் சம்ப்ளேன் வெண்டாட் நாட்டில் கண்ட கார்ஹகுவா என்ற ஊரின் மும்மதில் 35 அடி உயரம் என்று குறித்தார். தீ வைத்தால் அணைக்க மதில்மேல் தண்ணீர் ஓடும் மரக்கால்வாய்களையும் அவர் அவ்வாண்டு வெண்டாட் மக்களின் எதிரிகளுடைய கோட்டையில் பார்த்தார்.

காலக்கணக்கில் அண்மையில் ஒரு பெரிய திருத்தம் வந்திருக்கிறது. நம்மைப் போன்றவர்கள் அதைக் கவனிக்க வேண்டும். டிரேப்பர் ஊரை நெடுங்காலமாக 15ஆம் நூற்றாண்டின் பிற்பாதி என்றே சொல்லிவந்தார்கள். காரணம், அங்கே ஐரோப்பியப் பொருள் கிடைக்கவில்லை. ஐரோப்பியக் கண்ணாடி மணியோ செம்போ இரும்போ இல்லாவிட்டால் அது ஐரோப்பியர் வருமுன் இருந்த ஊர் என்று ஒரு விதிபோல வைத்திருந்தார்கள். 2018இல் ஸ்டர்ட் மானிங், ஜெனிஃபர் பேர்ச் ஆகியோரும் அவர்களின் குழுவும் 86 கதிரியக்கக் கார்பன் காலக்கணிப்புகளைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். மரத்துண்டு பல ஆண்டுகள் பழையதாக இருக்கலாம். சோளமணி ஒரே பருவத்தில் விளைந்தது. அதுபோன்ற குறுகிய ஆயுளுள்ள சான்றுகளை நம்பினார்கள். டிரேப்பர், அவ்வூரார் அடுத்துப் பெயர்ந்த ஸ்பாங், அதற்கு அடுத்த மான்டில் ஆகிய மூன்று ஊர்களின் தொடரும் ஏறத்தாழ 1530 முதல் 1615 வரை என்று வந்தது. பல பதிற்றாண்டுகள் பிற்காலத்துக்கு நகர்ந்துவிட்டது.

ஐரோப்பியப் பொருள் இருக்கிறதா என்று பார்த்துத்தான் முதற்குடிகளின் காலத்தைக் குறிப்பது என்ற வழக்கமே தவறான அடித்தளம் என்று இதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். வெண்டாட் ஊர் ஒன்று பிரெஞ்சுக் கண்ணாடி மணியை வாங்காமல் இருந்தால் அது காலத்தால் முற்பட்ட ஊர் ஆகிவிடாது. வாங்காமல் இருப்பதும் ஒரு முடிவாக இருக்கலாம். வணிகப் பாதையில் இடையே நின்றவர்கள் தடுத்திருக்கலாம். அவர்களுடைய வயதை அவர்கள் விளைவித்த சோளமே சொல்லட்டும்.

புதிய கணக்கின்படி டிரேப்பர் மதில் நகர்ந்துகொண்டிருந்த காலம் நமக்கு மிகவும் அறிமுகமான காலம். யாழ்ப்பாணத்தில் முதலாம் சங்கிலி ஆண்டுகொண்டிருந்தான். 1560இல் போர்த்துக்கேயப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு த பிரகன்சா படையெடுத்து வந்தபோது அவன் நல்லூரை விட்டுக் கோப்பாய்க்குப் பின்வாங்கினான். மதுரையில் விசுவநாத நாயக்கர் பழைய மதிலை இடித்து, இன்னும் வெளியே பெரிய கோட்டை எழுப்பியதும் அதே 16ஆம் நூற்றாண்டில்தான். அங்கேயும் ஊர் பெருத்தது, மதில் வெளியே போனது. அந்தக் கோட்டையை 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் இடிப்பித்து, அகழியைத் தூர்த்தார். இன்று மதுரையின் வெளி வீதிகளிலும் மாரட் வீதியிலும் நடப்பவர்கள் அந்த மதிலும் அகழியும் கிடந்த தடத்தின்மேல்தான் நடக்கிறார்கள். பழந்தமிழ் நூல்கள் காவற்காட்டை மிளை என்றும் அகழியைக் கிடங்கு என்றும் பேசின. மதிலை வளைப்பதும் காப்பதும் தொல்காப்பியத்தில் ஒரு திணைக்கே பொருளாயின. அரணைப் பற்றி ஓர் அதிகாரமே குறளில் இருக்கிறது. இத்தனை மரபுடைய நமக்கு வெண்டாட் மதிலைப் புரிந்துகொள்ளக் கடினம் இருக்கக் கூடாது.

மண்ணால் எழுந்த அரணை இம்மாகாணத்தில் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்கள் சென்ற் தோமஸ் நகருக்கு மேற்கேயுள்ள சவுத்வோல்டுக்குப் போங்கள். நியூட்ரல் என்று ஐரோப்பியர் அழைத்த அட்டவாண்டரோன் மக்கள் 1500ஐ ஒட்டிய காலத்தில் வாழ்ந்த ஊர் அது. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு மண் அணைகள், இடையே பள்ளம். அணைகளின்மேல் மரமதில் நின்றது. மரம் போய்விட்டது, உழவு படாததால் மண் எஞ்சியது. தேசிய வரலாற்றுத் தலமாக அதைக் காக்கிறார்கள். இலண்டன் நகரில் லோசன் களத்தை ஒட்டி ஒன்ராறியோ தொல்லியல் அருங்காட்சியகம் இருக்கிறது. பாடசாலை விடுமுறையில் நயாகராவுக்குப் பத்தாவது தடவை போவதற்குப் பதில் இந்த இரண்டு இடங்களுக்கும் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம்.

மண் அணை என்று சொன்னதும் இந்த அவையில் பலருக்கு வேறொன்று நினைவுக்கு வரும். பனங்குற்றிகளை அடுக்கி, மேலே மண்மூட்டை போட்ட பங்கர்களுக்குள் இரவுகளைக் கழித்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். 2008இலும் 2009இலும் கிளிநொச்சியைச் சுற்றியும் பிறகு கிழக்கே புதுக்குடியிருப்புப் பக்கமாகவும் கிலோமீற்றர் கணக்கில் மண் அணைகள் எழுந்ததைக் கண்டவர்கள் இருக்கிறீர்கள். அவற்றில் பெரும்பகுதியை இயந்திரம் கொண்டு நிரவிவிட்டார்கள். ஒருநாள் ஒரு தொல்லியலாளர் அந்த நிலத்தின் நிற வேறுபாட்டைப் பார்த்து, இங்கே ஓர் அணை இருந்தது என்று குறிப்பார். அணை எத்தனை அடி, எந்தப் படை கட்டியது என்பதோடு அவர் நின்றுவிட்டால் நமக்கு மனம் ஒப்புமா? உள்ளே யார் இருந்தார்கள், எந்தெந்த ஊரிலிருந்து வந்தார்கள், யாருடைய காணியில் யார் கொட்டில் போட்டார்கள், கிணற்றை யார் பகிர்ந்தார்கள் என்றெல்லாம் அவர் கேட்க வேண்டும் என்று விரும்புவோம். டிரேப்பரிடம் நான் கேட்பதும் அந்தக் கேள்வியைத்தான்.

டிரேப்பர் மக்களுக்குப் பிறகு என்ன ஆயிற்று? ஊரோடு பெயர்ந்து ஸ்பாங்குக்கும், அங்கிருந்து இன்றைய விட்சர்ச்-ஸ்டவுவில் நகராட்சியிலுள்ள மான்டிலுக்கும் போனார்கள். 2002இல் வீட்டுமனைத் திட்டம் ஒன்றுக்கான முன்னாய்வில் மான்டில் களம் வெளிப்பட்டது. தொண்ணூறுக்கும் மேற்பட்ட நீள்வீடுகளின் தடங்கள். அங்கே புதைத்து வைத்திருந்த ஓர் இரும்புத் துண்டு பாஸ்க் நாட்டிலிருந்து வந்தது என்று தெரிந்தபோது, இவ்வளவு முற்பட்ட காலத்தில் எப்படி என்று எல்லோரும் வியந்தார்கள். புதிய காலக்கணக்கு அந்த வியப்பைக் குறைத்துவிட்டது. இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய வெண்டாட் வீரர் ஜோன்-பப்டிஸ்ட் லெனேயின் பெயர் இப்போது அந்தக் களத்துக்குச் சூட்டப்பட்டிருக்கிறது.

அவர்களின் வழிவந்தோர் வடக்கே, சிம்கோ ஏரிக்கும் ஜார்ஜியன் குடாவுக்கும் இடைப்பட்ட நாட்டில் ஏனைய வெண்டாட் மக்களோடு சேர்ந்தார்கள். ஐரோப்பியர் கொண்டுவந்த அம்மையும் பிற தொற்றுநோய்களும் 1630களில் மக்களைப் பாதியாக்கின. 1649இல் அவர்களின் எதிரிகளான ஹோடெனோஷோனி மக்களின் படைகள் தாக்கியபோது வெண்டாட் மக்கள் தங்கள் ஊர்களைத் தாங்களே எரித்துவிட்டு வெளியேறினார்கள். கிறிஸ்டியன் தீவில் ஒரு குளிர்காலம் முழுவதும் பசியில் கிடந்து செத்தார்கள். எஞ்சியவர்களில் முந்நூறு பேரளவில் 1650இல் கியூபெக்குக்குப் போனார்கள். அவர்களின் சந்ததியார் இன்று கியூபெக் நகரை அடுத்த வெண்டாகேயில் வாழ்கிறார்கள். வேறு சில கிளைகள் அமெரிக்காவின் ஒக்லகோமா, கன்சாஸ், மிச்சிகன் வரை போயின. நாடிழந்து பல நாடுகளில் சிதறிய மக்கள் என்றால் என்ன என்பதை இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அவர்கள் இந்த மண்ணை மறந்துவிடவில்லை. 2013 செப்டம்பரில் 1,700க்கும் மேற்பட்ட தங்கள் முன்னோரின் எச்சங்களை ரொறன்ரோப் பல்கலைக்கழகத்திடமிருந்து பெற்று, வோனிலுள்ள கிளைன்பர்க்கில் முறைப்படி மீண்டும் அடக்கம் செய்தார்கள். பெட்டிகளில் இலக்கமிட்டு வைத்திருந்த எலும்புகள் மறுபடி மனிதர்களாக மண்ணுக்குத் திரும்பின. தொல்லியலில் ஈடுபாடுள்ள நாம் எல்லோரும் அந்த நிகழ்வை மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். களம் என்று நாம் சொல்வது ஒருவருடைய ஊர்; மாதிரி என்று நாம் சொல்வது ஒருவருடைய பாட்டி.

இனி நாம் செய்யக்கூடியதைப் பற்றி. நம்மவர்கள் பிக்கரிங்கிலும் ஏஜக்ஸிலும் வீடு வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள். பிக்கரிங்கின் சீட்டன் பகுதியில் வயல்கள் வீட்டுமனைகளாகின்றன. ஒன்ராறியோச் சட்டப்படி இத்தகைய நிலங்களில் கட்டுமானத்துக்கு முன் தொல்லியல் ஆய்வு நான்கு நிலைகளில் நடக்கிறது. முதல் நிலை ஏடுகளையும் வரைபடங்களையும் பார்ப்பது. இரண்டாவது நிலத்தில் நடந்தும் சிறு குழி தோண்டியும் தேடுவது. மூன்றாவது கிடைத்த களத்தை அளந்தறிவது. நான்காவது களத்தைக் காப்பது அல்லது முழுமையாக அகழ்வது. நம்மில் கட்டடத் தொழிலிலும் காணி விற்பனையிலும் இருப்பவர்கள் ஏராளம். அந்த ஆய்வைத் தாமதம் என்றும் வீண்செலவு என்றும் பேசுவதை நிறுத்துங்கள். கீழடிக்காகக் குரல் கொடுத்த நாம் பிக்கரிங்கில் வேறு நியாயம் பேச முடியாது. உங்கள் வளவில் கற்கருவியோ பானையோடோ கண்டால் அதை எடுத்து அலுமாரியில் வைக்காதீர்கள். இருந்த இடத்திலேயே விட்டு மாகாண அமைச்சுக்கு அறிவியுங்கள். உரிமம் இல்லாமல் தொல்லியல் களத்தைக் கிளறுவது சட்டப்படி குற்றம்.

2025 ஜனவரியில் மத்திய அரசு பிக்கரிங் விமான நிலையத் திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. 1972இல் எடுத்த நிலங்களில் எஞ்சியவற்றின் பெரும்பகுதியை, கலந்தாலோசனைக்குப் பிறகு, ரூஜ் தேசிய நகர்ப்பூங்காவோடு சேர்ப்பது அதன் எண்ணம். அந்த ஆலோசனையில் நாமும் குரல் கொடுக்கலாம். டிரேப்பர் ஊரின் கதையும் ஐந்து முறை நகர்ந்த மதிலின் வரைபடமும் பொதுமக்கள் பார்க்கும் இடத்தில் வைக்கப்பட வேண்டும். எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது, எந்த இடத்தை அறிவிக்காமல் காக்க வேண்டும் என்பதை வெண்டாட் மக்களே தீர்மானிக்க வேண்டும். 1923ஆம் ஆண்டு வில்லியம்ஸ் உடன்படிக்கைகளின் வழியே இந்த நிலத்தோடு உரித்துடைய மிசிசாகா மக்களுக்கும் அதில் பங்கு உண்டு. கூட்டங்கள் அறிவிக்கப்படும்போது குடும்பத்தோடு வாருங்கள். முதலில் அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். பிறகு அவர்கள் கேட்பதை நாமும் சேர்ந்து கேட்போம்.